மழை ஊரில் ஒரு பலகைக் கோயில்



பலகையால் கட்டிய கட்டடம் எத்தனை வருடம் நிற்கும்? நம் நாட்டு மழையையும் கறையானையும் அறிந்த நீங்கள், ஐம்பது வருடம் தாங்கினாலே பெரிது என்பீர்கள். ஆனால் தைப்பிங்கில் ஒரு பலகைத் தேவாலயம் 1886-ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. நம் தஞ்சோங் ரம்புத்தானைத் தொட்டுச் செல்லும் அதே இரயில் பாதையில், சுங்கை சிப்புட், கோலகங்சார் தாண்டி வடக்கே போனால் அந்த ஊர் வந்துவிடும்.

தைப்பிங்கை வளர்த்தது ஈயம். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பது அந்நாளில் பெரும்பாடு. அதற்காகத்தான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். 1885 ஜூன் முதல் தேதி திறக்கப்பட்ட அதுவே மலாயாவின் முதல் இரயில் பாதை. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் சர் ஹியூ லோ. பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற தொழிலாளர் அணிகள் வரவழைக்கப்பட்டன. பின்னாளில் பாதை நீண்டபோது தென்னிந்தியத் தொழிலாளர்கள் மண் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்தார் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் வந்தார்கள்.

இரயில் ஓடத் தொடங்கிய மறு ஆண்டில் எழுந்ததுதான் ஆங்கிலிக்கன் சபையின் சகல பரிசுத்தவான்கள் ஆலயம். அன்று பேராக்கின் தலைநகரம் தைப்பிங். 1937-இல்தான் அது ஈப்போவுக்கு மாறியது. சரிவான உயர்ந்த கூரை, கூர்முனைச் சன்னல்கள், வண்ணக் கண்ணாடிகள் என்று இங்கிலாந்துக் கோயிலின் சாயலை மரத்தில் கொண்டு வந்திருக்கிறார்கள். சுற்றிலும் கல்லறைகள். அந்நாளைய அதிகாரிகள், தோட்டத் துரைமார் பெயர்களை அங்கே படிக்கலாம். சரி, அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் என்று பெயர் பெற்றது. அங்கே பலகை தானாக நிற்காது. ஒழுகும் இடத்தை அடைத்து, உளுத்த பலகையை மாற்றி, கறையான் ஏறாமல் காக்க, தலைமுறைதோறும் ஆள் வேண்டும். அந்த ஆலயத்துக்கு அப்படி ஆட்கள் இருந்தார்கள்.

நம் தோட்டங்களிலும் பலகைப் பள்ளிகள் இருந்தன. தகரக் கூரை மாரியம்மன் கோயில்களும் சின்னஞ்சிறு மாதா கோயில்களும் இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு அவற்றில் பலவற்றைக் கவனிக்க ஆளில்லை. கட்டடம் போனதோடு, அதைக் கட்டியவர் கதையும் போய்விட்டது.

பெற்றோர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அருகில் உட்கார வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கோயிலுக்குக் கால் நட்டது யார், எந்த வருடம், முதல் வாத்தியார் யார் என்று கேட்டு எழுதட்டும். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயர்களைக் குறித்து வையுங்கள்.

போர்ட் வெல்டுக்கு இன்று கோல செப்பேத்தாங் என்று பெயர். தண்டவாளம் அங்கே இல்லை. பழைய ஸ்டேஷன் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய் அதையும், அந்தப் பலகை ஆலயத்தையும் காட்டுங்கள். போகுமுன் நோட்டில் முதல் பக்கமாவது எழுதி முடிந்திருக்கட்டும்.