கழியூதாப் படம் எதற்குச் சாட்சி?

யாழ்ப்பாண வளவில் பூத்த சூரியகாந்தியின் இதழ், அடியிலிருந்து நுனிவரை நமக்கு ஒரே மஞ்சள். கழியூதா, அதாவது புற ஊதா ஒளியில் படமெடுத்தால் நுனி வெளிறும். அடி கறுத்து, பூவின் நடுவைச் சுற்றி இருண்ட வட்டமாகும். இத்தகைய படங்களின் கீழே ‘தேனீ காணும் பூ’ என்று எழுதுவார்கள். அது மூன்றிலொரு பங்கு உண்மை. தேனீக்குக் கழியூதா, நீலம், பச்சை ஆகியவற்றுக்குத் தனித்தனி உணர்கலங்கள் உண்டு. அவை முறையே 344, 436, 544 நனோமீற்றர் அளவில் உச்சமாக உணர்கின்றன. படம் காட்டுவது முதலாவதை மட்டுமே. தேனீயின் கூட்டுக்கண்ணுக்கு நுண்விவரமும் எட்டாது. கிட்ட வந்தால்தான் வட்டம் தெரியும். ஆகவே இப்படத்தைப் பூவின் இரசாயனத்துக்குச் சாட்சியாக வாசிப்பதே பொருத்தம். கறுத்த இடத்தில் கழியூதாவை உறிஞ்சும் ஃபிளவனோல் சேர்மங்கள் இருக்கின்றன.

சாட்சி நம்பகமாக இருக்க வேண்டும். கமராவின் உணரிக்கு முன்னுள்ள தடுப்பு வடியை அகற்றி, கழியூதாவை விடும் பழைய எளிய வில்லையைப் பூட்டி, கட்புல ஒளியையும் செங்கீழ்க் கதிரையும் மறிக்கும் வடியை முன்னே இட வேண்டும். செங்கீழ்க் கதிர் கசிந்தால் படம் பொய் சொல்லும். இலையைப் பார்த்தால் அது பிடிபடும்: கழியூதாவில் இலை ஏறக்குறையக் கறுப்பு, கசிவு இருந்தால் வெளிறும். குழாய் மூட்டில் சுற்றும் ரெஃப்லோன் நாடாவைப் பல அடுக்காக மடித்துப் பூவருகே வைத்தால், வெளிச்சத்தை ஒப்பிட வெண்மை அளவுகோல் கிடைக்கும். இருட்டில் கழியூதா ரோச் அடித்து எடுக்கும் மினுங்கும் படங்கள் வேறு வகை. அவற்றில் பதிவது பூ திருப்பி உமிழும் கட்புல ஒளி.

தேனீயின் பார்வையும் இல்லையென்றால் இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்கலாம். காட்டுச் சூரியகாந்தி பற்றி 2022இல் வெளிவந்த ஆய்வு விடை தருகிறது. வட்டத்தின் அளவு பூச்சிகளின் வருகையைப் பாதித்தது. வறண்ட காற்றுள்ள இடங்களில் வட்டம் பெரிதாகவும் இருந்தது, பெரிய வட்டமுள்ள பூக்கள் நீரை மெதுவாகவே இழந்தன. ஒரே நிறமி பூச்சியை அழைக்கவும் நீரைக் காக்கவும் உதவக்கூடும். மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீரும் குடாநாட்டுக்கு இது அயல்நாட்டுக் கேள்வியல்ல. இங்கே இதைச் சோதிக்கப் பூவரசு உதவும்: வெட்டி நடும் பூவரசங்கதியால் தாய்மரத்தின் மரபணுப் பிரதி. ஒரே மரத்தின் கதியால்களை யாழ்ப்பாணத்திலும் ஈரமான காலியிலும் நட்டு, பூக்களை ஒரே முறையில் படமெடுத்தால், வேறுபாடு எதுவாயினும் அது சூழலால் வந்தது என்று கொள்ள இடமுண்டு.