அறுபத்து நான்கு கட்டங்கள் – 9: தாளில் ஏறிய ஆட்டம்

பென்னலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒரகடத்தில் ஆலை வேலை. "மெட்ராஸ் செஸ் பற்றி வாரம் தவறாமல் எழுதுகிறீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யார் ஆடினார்கள் என்று எதை வைத்துத் தேடுவது?" என்பது அவர் கேள்வி. இந்த வாரம் அவருக்கான பதில்.

செஸ் வரலாறு தேடுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. கபடி முடிந்தால் மிஞ்சுவது புள்ளிக்கணக்கு மட்டுமே. செஸ் போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுகிறவரே எழுதி வைக்கிறார். அந்தத் தாள் கிடைத்துவிட்டால், இருநூறு ஆண்டு கழித்தும் முழு ஆட்டத்தையும் பலகையில் வைத்துப் பார்க்கலாம்.

குலாம் காசிம் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். 1820களின் இறுதியில் மெட்ராஸுக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே தபால் வழியாக இரண்டு ஆட்டங்கள் நடந்தன. மெட்ராஸ் தரப்பின் முக்கிய ஆட்டக்காரர் காசிம். கம்பெனியின் சிவில் அதிகாரி ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து அந்த ஆட்டங்களையும், முசியோ காம்பிட் என்ற தொடக்கத்தைப் பற்றிய ஆய்வையும் 1829இல் மெட்ராஸிலேயே நூலாக்கினார். தன் குதிரை வெட்டுப்பட நிற்கும்போதே, அதைக் காப்பாற்றாமல் ராணியின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் முறைக்கு இன்றும் உலகெங்கும் குலாம் காசிம் காம்பிட் என்றுதான் பெயர்.

அந்த இரண்டு கட்டம் கவனிக்க வேண்டியது. அன்றைய நம் நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் ஒரு கட்டம்தான் போகும். அப்படியென்றால் காசிம் ஐரோப்பிய விதிகளில் தேறியிருந்தார். அவருக்கு முன்பே, 1814இல், திருவேங்கடாச்சார்ய சாஸ்திரி தம் சம்ஸ்கிருத நூலை ஐரோப்பிய முறைக்கு ஏற்ப மாற்றி ஆங்கிலத்தில் பம்பாயில் அச்சிட்டிருந்தார். இரண்டு விதிமுறைகளும் தெரிந்த ஆட்டக்காரர்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள் என்பதற்கு இவை சான்று.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்து புகழ்பெற்ற ஜான் காக்ரேன் வேறு, மெட்ராஸ் ஜேம்ஸ் காக்ரேன் வேறு. குடும்பப் பெயரை மட்டும் பார்த்து இருவரையும் ஒருவராக்கிவிடக் கூடாது.

பெயரில் நேரும் குழப்பம் ஊரிலும் நேரும். ஸ்ரீபெரும்புதூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டம். 1997இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய செய்திகளைச் செங்கல்பட்டு என்ற பெயரில் தேட வேண்டும். 2022 செஸ் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரமும் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. போட்டி முடிவுகள் பெரும்பாலும் மாவட்டவாரியாகவே பதிவாவதால், இந்த ஆண்டுகள் தெரியாமல் பழைய பத்திரிகையைப் புரட்டிப் பயனில்லை.

அடுத்தது மனிதர்கள். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன், மெட்ராஸில் சோவியத் கலாசார மையத்தில் 1972இல் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகிய இடம் அது. பின்னாளில் ஆரோனே விஜய் பண்டிட்டுடன் சேர்ந்து இந்திய செஸ் வரலாற்றை நூலாக எழுதினார். களத்தில் ஆடியவரே வரலாறும் எழுதியது நம் நல்லூழ். எல்லா ஊருக்கும் ஓர் ஆரோன் கிடைக்கமாட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்கு வேலை இன்னும் கடினம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990களின் பிற்பாதியில் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறந்தது. வேலைக்கு வந்தவர்கள் பல மாவட்டத்துக்காரர்கள், வெளிமாநிலத்தவர்கள். அவரவர் ஊரில் கற்ற செஸ்ஸை அவரவர் கொண்டுவந்தார்கள். வேலை மாறும்போது ஆளோடு சான்றும் போய்விடும். ஆகவே இங்கே ஆவணக் காப்பகத்தைவிட வீட்டு அலமாரியைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

பென்னலூர் நண்பரே, போட்டியில் ஆடியவர்களிடம் ஸ்கோர் ஷீட்டின் கார்பன் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழ், கல்லூரி ஆண்டுமலர், பரிசளிப்புப் படம் எது கிடைத்தாலும் தேதி, இடம், ஆடியவர் பெயர் மூன்றையும் அன்றே பின்பக்கம் எழுதுங்கள். ஒரு நகலை ஊர் நூலகத்தில் கொடுத்துவையுங்கள். காசிம் அச்சேற்றியது இரண்டே ஆட்டங்களைத்தான். மெட்ராஸின் செஸ் வரலாற்றுக்கு அவை போதுமானதாக இருந்தன.

(தொடரும்)