விண்ணகத்தில் காத்திருக்கும் ஐவர்

நவம்பர் பிறந்ததும் நம் கல்லறைத் தோட்டங்கள் விழித்துக்கொள்கின்றன. புல் செதுக்கப்படுகிறது; சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது; ஆண்டு முழுவதும் அப்பக்கம் வராதவர்களும் மலரும் மெழுகுதிரியும் ஏந்தி வந்து நிற்கிறார்கள். அவ்வாறு நிற்கையில், செபத்தோடு வேறொன்றும் நம் நெஞ்சில் எழுவதுண்டு. அவர் உயிரோடிருந்தபோது நாம் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லே அது. அந்தச் சொல்லைப் பற்றிய நாவல் ஒன்றை இம்மாதம் வாசக அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் மிட்ச் ஆல்பம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி பைவ் பீப்பிள் யூ மீட் இன் ஹெவன்' என்பது அதன் பெயர். விண்ணகத்தில் நாம் சந்திக்கும் ஐவர் என்று பொருள். ஆசிரியர் யூத மரபினர். தம் வாழ்வு ஒன்றுக்கும் பயன்படவில்லை என எண்ணியிருந்த தம் உறவினரான எட்வர்ட் பெய்ச்மன் என்னும் பெரியவருக்கே இந்நூலை அவர் காணிக்கையாக்கியுள்ளார்.

கதையின் நாயகர் எட்டி என்னும் முதியவர். கடலோரப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் இராட்டினங்களைப் பழுதுபார்ப்பதே அவர் தொழில். போரில் காயமுற்ற கால், முன்பே இறந்துவிட்ட மனைவி, பிள்ளைகளும் இல்லை. தமது 83-ஆம் பிறந்த நாளன்று, உயரத்திலிருந்து விழும் இராட்டின வண்டியிலிருந்து ஒரு சிறுமியைக் காக்கப் பாய்ந்து உயிர் துறக்கிறார். குழந்தை பிழைத்தாளா? அவருக்குத் தெரியாது. மறுவுலகில் ஐவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, அவருடைய வாழ்வை அவருக்கே விளக்குகின்றனர்.

முதலாமவர் எட்டிக்கு முகம் தெரிந்தவர். ஆயினும் பழகியவர் அல்லர். சிறுவன் எட்டி பந்தின் பின்னே தெருவுக்கு ஓடியபோது, மோதாமல் காரைத் திருப்பிய அதிர்ச்சியில் மாரடைப்பால் மாண்டவர் அவர். இரண்டாமவர் பிலிப்பைன்சுப் போர்முனையில் எட்டியின் தலைவராயிருந்த கேப்டன். நான்காமவர் மனைவி மார்கரீட். இவர்களைப் பற்றி வாசகர் தாமே படித்தறிவது நலம். நம்மை நிறுத்தி வைத்தது மூன்றாம் சந்திப்பு.

எட்டியின் தந்தை குடிப்பவர், கை நீட்டுபவர். போரிலிருந்து நொறுங்கித் திரும்பி வேலையின்றிக் கிடந்த மகனை ஒருநாள் அடிக்க ஓங்குகிறார். மகன் அந்தக் கையைப் பிடித்துவிடுகிறான். அன்றிலிருந்து இறக்கும்வரை தந்தை மகனோடு பேசவே இல்லை. இந்த மௌனம் நம் பங்குகளுக்குப் புதிதா? ஒரே வீட்டில் பேச்சற்ற தந்தையும் மகனும், பாகப் பிரிவினைக்குப் பின் ஒரே கோவிலில் வெவ்வேறு பக்கம் அமரும் அண்ணன் தம்பியும் நாம் அறிந்தவர்களே. இப்பகுதியைப் படித்தபோது புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைக்க நேர்ந்தது.

எட்டியிடம், தந்தையை மன்னிக்கும்படி ரூபி என்னும் மூதாட்டி கேட்கிறாள். பல்லாண்டுக் கசப்பைக் கொட்டி அழுது இறுதியில் அவர் மன்னித்துவிடுகிறார். ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் தந்தையின் செவியில் ஒரு சொல்லும் விழுவதில்லை. இங்கேதான் ஆசிரியரோடு உடன்பட நம்மால் இயலவில்லை. மகன் மனம் தெளிகிறது, சரி. தந்தைக்கு என்ன கிடைத்தது?

நம் விசுவாசம் வேறு சொல்கிறது. போரில் மடிந்த தம் வீரர்களின் பாவம் நீங்கும்படி பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்பிய யூதாவின் செயலை மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரம் போற்றுகிறது. உயிருள்ளோரின் செபமும் திருப்பலியும் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு உதவும் என்பது திருச்சபையின் மாறாத போதனை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 நவம்பர் 30 அன்று வெளியிட்ட 'ஸ்பே சால்வி' என்னும் சுற்றுமடலின் 48-ஆம் பத்தியில் இதனையே எடுத்துரைக்கிறார். மறைந்தவர்களுக்கு நன்றியை மட்டுமன்றி, மன்னிப்பு வேண்டுதலையும் நாம் அனுப்பலாம். நம் வாழ்வுகள் ஒன்றோடொன்று பின்னியவை. அதற்குக் காலம் கடந்துவிடுவதில்லை என்கிறார்.

நாவலில் வேறு குறைகளும் உண்டு. இறைவன் ஏறத்தாழத் திரைக்குப் பின்னேயே நிற்கிறார். தீர்ப்பு என்பதே இல்லை. ஞானோபதேச வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் நூல் அன்று இது. எனினும் ஐந்தாம் சந்திப்புக்காக இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். போரில் எட்டி தீயிட்ட குடிசைக்குள் கருகி மாண்ட பிலிப்பைன்சுச் சிறுமி தாலா ஓர் ஆற்றில் நிற்கிறாள். தன்னைக் கழுவும்படி ஒரு கல்லை அவர் கையில் தருகிறாள். அவர் தேய்க்கத் தேய்க்கத் தீப்புண்கள் உதிர்கின்றன. வீண் என்று அவர் வெறுத்த பூங்கா வேலையில், ஆண்டுக்கணக்காகக் குழந்தைகளைக் காத்து வந்தார் என்பதையும், அந்தக் கடைசிச் சிறுமி பிழைத்துவிட்டாள் என்பதையும் அவளே அறிவிக்கிறாள். ஒவ்வொரு நாளும் விடியுமுன் மணியடித்துப் பீடம் துடைக்கும் நம் கோவில்பிள்ளைக்கு யாரேனும் இப்பகுதியைப் படித்துக் காட்டினால் மகிழ்வோம்.

நவம்பர் 1 முதல் 8 வரை பக்தியோடு கல்லறையைச் சந்தித்து, மனத்தளவிலேனும் மரித்தோருக்காக வேண்டிக்கொள்பவர், உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம் என்பதை அறிவோம். பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபிப்பதும், எந்தப் பாவத்தின்மீதும் பற்று இல்லாதிருப்பதும் அதற்குரிய நிபந்தனைகள். எட்டியின் தந்தையைப் போன்ற ஒருவர் நம் வீட்டுக் கல்லறையிலும் இருக்கக்கூடும். அவர் பெயரால் இம்மாதம் ஒரு திருப்பலிக் கருத்து எழுதிக்கொடுத்திருக்கிறோமா?