மீன் வாங்க ஆறு வாரம் பொறுங்கள்

புதிதாக மீன்தொட்டி வைக்கும் வீடுகளில் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, மோட்டார், கூடவே பாலித்தீன் பையில் பத்து மீன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வருகிறார்கள். அன்று மாலையே தண்ணீர் ஊற்றி மீனையும் விட்டாகிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும். செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும். ஒன்றிரண்டு, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். அடுத்த வாரத்துக்குள் பாதி போய்விடும். கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று வீட்டில் பேச்சு எழும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் புதுத் தொட்டியில் மீன் சாவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது நோயை அல்ல, தண்ணீரை. தண்ணீர் பளிச்சென்று தெளிவாக இருக்கும்போதே மீன் தன் கழிவால் நஞ்சேறிச் செத்துக்கொண்டிருக்க முடியும்.

அந்த நஞ்சு அம்மோனியா. தின்ற புரதம் உடலில் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை மீன் பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் விட்டுவிடுகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீவனமும் தன் பங்குக்கு அதையே சேர்க்கிறது. தொட்டிக்குள் இதைக் கையாளும் வேலை பெரும்பாலும் பாக்டீரியாக்களின் தலையில்தான் விழுகிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அந்த நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றும். இடையில் வரும் நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல. ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும். ரத்தமே பழுப்பு நிறமாகிவிடும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும், நாம் வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் அதுவும் குறையும். சிக்கல் என்னவென்றால், இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து வாழ்பவை அல்ல. ஸ்பாஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பெருகுவதிலும் சோம்பேறிகள். ஈ. கோலை போன்றவை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டித்துவிடும். இவற்றுக்கு அரை நாளோ அதற்கு மேலோ ஆகும். கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில் இவை கிட்டத்தட்ட இல்லை. மீனின் கழிவு முழுவதையும் சமாளிக்கும் அளவுக்கு இவை சேர, வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே, மீன் வளர்க்க நினைப்பவர் முதல் மாதம் வளர்க்க வேண்டியது பாக்டீரியாவைத்தான்.

“மோட்டார் ஓடுகிறதே, குமிழி வருகிறதே, பிறகென்ன?” என்று கேட்பவர்கள் நிறைய. காற்று இருந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு மரியாதையான வரலாறு உண்டு. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீனையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்து, 1850-ல் அந்த முடிவை அறிவித்தார். செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பது அவர் சொன்ன கணக்கு. செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டபோது நத்தைகளை விட்டார்; அவை அழுகலைத் தின்று தீர்த்தன. கணக்கு தப்பில்லை, ஆனால் முழுமையும் இல்லை. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களை ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியது அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான். குமிழி ஆக்சிஜனைக் கூட்டும், அம்மோனியாவை விரட்டாது. அந்தக் குமிழியைக் கொண்டு தண்ணீரை ஒரு ஸ்பாஞ்ச் வழியாக இழுக்கவைத்தால் கதை வேறு. தண்ணீர் அதன் வழியே ஓயாமல் ஓட, பாக்டீரியாவுக்கு உணவும் காற்றும் வீடும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அதனால்தான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், முத்துச்சிப்பி திறந்து மூடும் பொம்மையைவிட முக்கியமான சாமான்.

நம் ஊர் வெயிலும் தண்ணீரும் இந்தச் சிக்கலைக் கூட்டுகின்றன. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். அதில் ஒன்றுதான் மீனைக் கொல்லும் தீவிரம் கொண்டது. தண்ணீர் சூடாக ஆக, காரத்தன்மை ஏற ஏற அந்தக் கொடிய வடிவத்தின் பங்கு கூடும். 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே அது இருக்கும். அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் 6 சதவீதத்தைத் தாண்டும். கடினமான, காரம் மிகுந்த போர் தண்ணீர் வரும் வீட்டில் மே மாதம் தொட்டி தொடங்குபவர், குளிர்நாட்டுக்காரரைவிடக் கத்திமுனைக்கு அருகில் நிற்கிறார். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் தொல்லை வேறு. மீனின் செவுளோடு இந்தப் பாக்டீரியாவையும் அது பதம் பார்க்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றலாம். இல்லையென்றால் கடையில் ஆன்ட்டி-குளோரின் என்று கேட்டு வாங்கிச் சில சொட்டு விடலாம்.

இந்தக் காத்திருப்புக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது ஃபைட்டர் மீன். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் வரிசையாகச் சின்னப் பாட்டில்களில் உயிரோடுதானே இருக்கிறது? இருக்கிறது. நீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தனி உறுப்பு கொண்ட மீன் அது. ஆக்சிஜன் குறைந்தால் மற்ற மீன்களைப் போல உடனே திணறாது. ஆனால் அம்மோனியா அதன் செவுளையும் அரிக்கும். பாட்டில் என்பது விற்கும்வரை வைத்திருக்கும் இடம்; தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அங்கே அது தாக்குப்பிடிக்கிறது. இன்னொன்று, கிணற்றில் விட்ட மீன். யார் அதற்கு ஃபில்டர் போட்டார்கள் என்று கேட்கலாம். பல்லாயிரம் லிட்டர் தண்ணீர், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய மீன், சுற்றிலும் பாசி படிந்த சுவர், வேளாவேளைக்குத் தீவனம் கொட்ட யாரும் இல்லை. கிணறே ஒரு பெரிய ஃபில்டர்தான். வாரம் ஒருமுறை உருண்டைக் கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவித் தங்கமீனை வைத்திருந்தோமே என்பார்கள். முழுத் தண்ணீரையும் கொட்டினால் அம்மோனியாவும் போகும் என்பது சரிதான். ஆனால் கழுவலில் பாக்டீரியாவும் போய்விடுவதால் ஒவ்வொரு வாரமும் அது புதுத் தொட்டி. முறையாக வளர்ந்தால் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய தங்கமீன், சாடியில் சில மாதம் இருந்ததை வெற்றி என்று எண்ணிக்கொள்கிறோம்.

குழந்தைகள் ஆறு வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா என்ற கேள்வி நியாயமானது. நேர்மையான பதில், கஷ்டம்தான். ஆனால் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. ஹைட்ரில்லாவோ வாலிஸ்னேரியாவோ நட்டு வைக்கலாம். அவை அம்மோனியாவிலும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீவனத்தை மீனில்லாத தண்ணீரில் போட வேண்டும். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் இருந்தால் முதலில் அம்மோனியா ஏறுவதும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறுவதும், பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வருவதும் தெரியும். அந்த நாள்தான் மீன் வாங்கும் நாள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவங்களை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். சில வேலை செய்கின்றன, பல வழியிலேயே செத்துவிடுகின்றன, வெளியிலிருந்து பார்த்து எது எதுவென்று சொல்ல வழியில்லை. அதைவிட நம்பகமானது, நல்ல நிலையில் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி வருவது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். ஆறு வாரம் இரண்டாகவும் சுருங்கலாம். அவர் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூட வரும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அந்த ஸ்பாஞ்சைப் பிழிந்து பார்த்தால் காப்பித்தூள் நிறத்தில் சேறு கொட்டும். பார்த்த உடனே குழாயடிக்குக் கொண்டுபோய் வெளுக்க அலசத் தோன்றும். அலசினால் ஆறு வார உழைப்பு சாக்கடையில். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை மெதுவாகப் பிழிந்து திரும்ப வைத்தால் போதும். வாரம் நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்து லிட்டர் சாடியைவிட இரண்டடிக்கு ஓரடித் தொட்டி பார்த்துக்கொள்ளச் சுலபம் என்பதும் இதே கணக்குதான்: ஓரடி உயரம் என்றால் 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும், ஒரே மீனின் கழிவு பத்தில் ஒன்றாக நீர்த்துப்போகும். என்ன, நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 50 கிலோவுக்கு மேல், டீப்பாய் தாங்காது. மின்வெட்டு நீளும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வேண்டும், ஏனென்றால் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை நம்பியே வாழ்கிறது.

முதல் மீனாகக் கடினத் தண்ணீரில் சந்தோஷமாக வாழும் கப்பி, பிளாட்டி போன்றவை பொருத்தம். மென்னீர் கேட்கும் நியான் டெட்ராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாசியைத் தின்னும் என்று சொல்லிக் கொடுக்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். வேண்டாம், வளர்ந்தபின் ஏரியில் கொண்டுபோய் விடுவது அதைவிடப் பெரிய தப்பு. ஒரே நாளில் பத்தும் விடாமல் நாலைந்து விட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி தண்ணீரைச் சோதித்து, அப்புறம் இன்னும் சில. கப்பி என்றால் ஆணாகப் பார்த்து வாங்குவது உத்தமம். பெண் கப்பி ஒருமுறை கிடைத்த விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொண்டு, தனியாக இருந்தாலும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். நாலு மீனுக்குக் கணக்குப் போட்ட ஸ்பாஞ்ச் நாற்பது மீனுக்கு ஈடு கொடுக்காது.