வேகத்தைக் குறைக்கத் தெரியணும்!

பதினெட்டு வயசுப் பெண். ஊர் நார்வே. படிக்க வந்த இடம், வேல்ஸ் நாட்டுத் தென்கரையில் செயின்ட் டோனட்ஸ் என்ற பழைய கோட்டைக்குள் நடக்கிற அட்லாண்டிக் கல்லூரி. பெயர் எலிசபெத் ஹோஸ்ட்வெட். 1969-ல் இந்தப் பெண்ணிடம் ஒரு மீட்புப் படகின் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று முடிவாயிற்று. பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்பு அமைப்பில், கரையோர மீட்புப் படகைத் தலைமை தாங்கி நடத்தத் தகுதி பெற்ற முதல் பெண் இவர்தான். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக் கொண்டதே 1967-ல். இரண்டே வருஷம், பாருங்கள்!

"மோட்டார் படகுதானே, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தானாகப் போகாதா?" என்று நினைப்பீர்கள். ஏரியில் காற்று வாங்கப் போகிற படகென்றால் சரி. செயின்ட் டோனட்ஸ் இருப்பதோ பிரிஸ்டல் சானல் கரையில். கடல் மட்டம் உலகிலேயே மிக அதிகமாக ஏறி இறங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. அதன் மேல்கோடியில் வெள்ளம் ஏறுவதற்கும் வடிவதற்கும் நடுவே 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நாலு மாடி உயரம்! அவ்வளவு தண்ணீரும் ஒரு பக்கம் இழுக்க, காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்ததோ, அலைகள் சுவர் மாதிரி செங்குத்தாக எழும். குளிர்காலத்தில் தண்ணீரின் சூடு 7, 8 டிகிரி செல்சியஸ்தான். ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தால் புரியும்.

இந்தக் கடலில் பிள்ளைகள் பாய்மரம் ஓட்டிப் பழகினார்கள். துணைக்கு ஒரு காவல் படகு வேண்டுமே! கல்லூரியின் முதல் தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோர் என்பவர், கப்பற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். காற்றடைத்த ரப்பர் படகைத்தான் முதலில் பயன்படுத்தினார்கள். கூழாங்கல் கரையில் இழுத்து இழுத்து அதன் அடித்துணி கிழிந்து போயிற்று. ஹோரும் மாணவர்களும் அடியில் ஒட்டுப்பலகையைப் பொருத்திப் பார்த்தார்கள். பலகை, பசை, தோல்வி, மறுபடியும் பலகை என்று சில வருஷம் ஓடிற்று. அடிப்பாகம் கெட்டி, சுற்றிலும் காற்றுக்குழாய் என்று ஒரு புது ஜாதிப் படகே பிறந்து விட்டது. ஆர்.என்.எல்.ஐ. அதை மேலும் சீர்செய்து 1972-ல் பணியில் இறக்கியபோது வைத்த பெயர் 'அட்லாண்டிக் 21'. கல்லூரிக்கு மரியாதை!

சரி, ஓட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்?

ஒரு கை ஸ்டீயரிங்கில் இருக்கும். இன்னொரு கை த்ராட்டில் என்கிற வேகக் கைப்பிடியில். கொந்தளிப்பில் அந்த இரண்டாவது கைக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது. எதிரே அலை வருகிறதா? ஏறும்போது கொஞ்சம் விசை கொடுக்கணும். இல்லாவிட்டால் அலை படகைப் பின்னுக்குத் தள்ளிவிடும். உச்சியை எட்டுகிற சமயம் பார்த்து விசையைக் குறைக்கணும். குறைக்க மறந்தால் படகு அந்தரத்தில் எகிறி, அந்தப் பக்கம் 'டமால்' என்று விழும். முதுகெலும்பு என்ன பாடுபடும்! அதனால்தான் முழங்காலைத் தளர்த்தி, பாதி நின்று பாதி உட்கார்ந்தபடி ஓட்டப் பழக்குகிறார்கள். காற்று பலமாக இருந்தால், எகிறிய முன்பக்கத்தைப் பிடித்து அப்படியே மல்லாத்திப் போடவும் செய்யும்.

எதிர் அலையாவது முகத்தில் அடித்து எச்சரிக்கை செய்கிறது. பின்னாலிருந்து வருகிற அலை இருக்கிறதே, அது பொல்லாதது! காற்றும் கூடவே வருவதால் எல்லாம் சாந்தமாகத் தோன்றும். வேகமாகப் போகலாம் என்று ஆசை வரும். அங்கேதான் ஆபத்து. முன்னே போகிற அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் வேகத்திலேயே போகணும். அவசரப்பட்டு அதைத் தாண்டினால் படகின் மூக்கு அடுத்த அலைக்குள் குத்திக் கொள்ளும். சுணங்கினாலோ பின்அலை வந்து படகைக் குறுக்கே திருப்பிப் புரட்டிவிடும்.

இதில் தோள்பலம் எங்கே வருகிறது, சொல்லுங்கள்! கண் முன்னாலேயே இருக்கணும், கை அதன்படி கேட்கணும். அவ்வளவுதான். எந்த அலையை ஏறுவது, எதை ஒதுக்கிச் சுற்றிப் போவது என்று பார்க்கிற நிதானம் வந்துவிட்டால் பாதி வித்தை வந்தாயிற்று.

அந்த நிதானத்தைக் கெடுக்க வருகிற எதிரி குளிர். வேகத்தில் காற்றின் கடுமை இன்னும் ஏறும். முதலில் விரல் மரத்துப்போகும். கைப்பிடியை எவ்வளவு நகர்த்தினோம் என்பதே தெரியாது. அப்புறம் புத்தி மந்தமாகும். நடுங்கிக்கொண்டே "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சாதிக்கிறவரைத்தான் முதலில் கவனிக்கணும்! உள்ளே கம்பளி, மேலே தண்ணீர் புகாத முழு உடுப்பு, அதற்கும் மேலே லைஃப் ஜாக்கெட். பருத்தி கூடாது. நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

தண்ணீரில் விழுந்தால்? பலரும் குளிரால் விறைத்துத்தான் சாவு வரும் என்று நினைக்கிறார்கள். அதற்கு அரைமணி, ஒரு மணி கூட ஆகும். உயிர் போவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நிமிஷத்தில். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீர் சட்டென்று தோலில் பட்டதும், நம்மைக் கேட்காமலே 'ஹக்' என்று மூச்சு உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தீர்ந்தது. மூச்சு இரைக்கும், இதயம் படபடக்கும். இதய நோயாளிகளுக்கு இதுவே பெரிய ஆபத்து. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட உடனே கைகாலை அடித்து நீந்தப் பார்க்கக் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீரில் நனைய, மல்லாந்து மிதக்கணும். ஓரிரு நிமிஷத்தில் மூச்சு வசத்துக்கு வரும். அப்புறம் உதவிக்குக் குரல் கொடுக்கலாம், எதையாவது பற்றலாம். இது கடலுக்கு மட்டுமில்லை, குளத்துக்கும் ஆற்றுக்கும்தான். குழந்தைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

கரைக்குக் கொண்டு வந்தவரைத் தேய்ப்பதும், பிராந்தி ஊற்றுவதும் பழைய பழக்கம். இரண்டுமே கெடுதல். படுக்க வைத்து, ஈரத்துணியை மெதுவாகக் களைந்து, தலையோடு சேர்த்துப் போர்த்தணும். தெளிவாக நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால் இதமான சூட்டில் இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம். டாக்டரை அழைத்தே ஆகணும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓட்டுபவரின் தொடையையும் எஞ்சினின் ஸ்விட்சையும் இணைக்கிற ஒரு சுருள் கயிறு உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். 2013 மே மாதம், இங்கிலாந்தில் பேட்ஸ்டோ ஊர் அருகே ஒரு குடும்பம் இப்படிப்பட்ட படகில் போனது. புயலுமில்லை, கொந்தளிப்புமில்லை. ஒரு திருப்பத்தில் அத்தனை பேரும் வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி, தண்ணீரில் கிடந்தவர்கள் மேலேயே வந்தது. அப்பாவும் எட்டு வயது மகளும் போய்விட்டார்கள். பயிற்சியில் முதல் நாள் முதல் பாடம் அந்தக் கயிறுதான். தினமும் எஞ்சினைக் கிளப்பியதும் அதை ஒருமுறை இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

எலிசபெத் பழகிய அதே கரையில், செயின்ட் டோனட்ஸுக்குக் கொஞ்சம் மேற்கே போர்த்கால் என்ற ஊர். 2004 ஆகஸ்டில் கடல் பொங்கிக் கொண்டிருந்த வேளை, இரண்டு மீனவர்களுடன் ஒரு படகு செயலிழந்து தத்தளித்தது. மீட்கப் போன படகை ஓட்டியவர் ஐலீன் ஜோன்ஸ் என்ற பெண்மணி. இருவரும் பிழைத்தார்கள். மறுவருஷம் ஆர்.என்.எல்.ஐ. அவருக்கு வீரத்துக்கான வெண்கலப் பதக்கம் அளித்தது. அந்த அமைப்பின் மீட்புப் படகுப் பணியில் ஒரு பெண் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவர் ஓட்டியது 'அட்லாண்டிக் 75'. கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் ஒட்டுப்பலகை அடித்துச் செய்த அந்தப் படகின் வம்சம்தான்.