கதவு எந்தப் பக்கம் திறக்கும், பாஸ்?

பிளான்ல கதவுன்னா ஒரு கோடு, ஒரு கால்வட்டம். எந்தப் பக்கம் திறக்கும்னு சொல்றதே அந்தக் கால்வட்டம்தான். 'பார்க்க அசிங்கமா இருக்கு, தூக்கிடு'ன்னு சொல்ற பாஸ்களும் உண்டு மக்கா! வீட்டு பிளான்னா கொத்தனார் எப்படியாவது சமாளிச்சுடுவார். சிவகாசி பட்டாசு ஷெட்டுக்கு? கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கணும். தீப்பிடிச்சா உள்ளே இருக்கறவங்க தள்ளிக்கிட்டு ஓடணுமே. பிளான் அப்ரூவ் ஆனாத்தான் லைசென்ஸும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த மாவட்டம் இது.

கட்டட வரைபடத்துக்கு ஐ.எஸ். 962, நம்ம கிராஃபிக்ஸ் பேப்பருக்கு எஸ்.பி. 46-னு இந்தியத் தர நிர்ணய அமைவனம் எப்பவோ எழுதி வச்சாச்சு. பாஸ் தன் சொந்தக் குறியீடுதான் வேணும்னு அடம்பிடிச்சா, ஷீட் ஓரத்துல அதுக்கு விளக்கம் போட்டுடுங்க. ஃபான்ட், டைட்டில் பிளாக் எல்லாம் அவர் இஷ்டம்!