காட்டுப்பன்றி தோண்டி எடுத்த உண்மை

ஒரே காட்டில் மானும் வாழ்கிறது, காட்டுப்பன்றியும் வாழ்கிறது. மானின் உடலில் கதிரியக்கம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. பன்றியின் உடலில் மட்டும் அது பல ஆண்டுகளாக அவ்வளவாகக் குறையவில்லை. ஏன்? ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவில் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்த புதிர் இது.

1986 ஏப்ரல் 26ஆம் நாள், அன்றைய சோவியத் ஒன்றியத்தில் செர்னோபில் அணு உலை வெடித்தது. (அந்த இடம் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது.) கதிரியக்கப் பொருள்கள் காற்றில் பரவி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பவேரியக் காடுகளில் மழையோடு இறங்கின. அவற்றுள் ஒன்று சீசியம்-137.

இதன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகள். அதாவது, 100 கிராம் சீசியம் 30 ஆண்டுகளில் 50 கிராமாகும். 60 ஆண்டுகளில் 25 கிராமாகும். வேதியியல் பண்புகளில் இது பொட்டாசியத்தை ஒத்தது. ஆகவே தாவரங்களும் காளான்களும் பொட்டாசியத்தை உறிஞ்சுவது போலவே இதையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

மான் தரைக்கு மேலே உள்ள இலை தழைகளை மேய்கிறது. பன்றியோ மண்ணை முகத்தால் கிளறித் தின்னும் பிராணி. குளிர்காலத்தில் வேறு உணவு கிடைக்காதபோது, மண்ணுக்கடியில் உருண்டையாக வளரும் ஒருவகைக் காளானைத் தோண்டித் தின்கிறது. மேலே விழுந்த சீசியம் மண்ணுக்குள் மிக மெதுவாகக் கீழிறங்குகிறது. அதைக் காளான் உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது. பன்றியின் உடலில் சேர்ந்த சீசியம் சில வாரங்களிலேயே பெருமளவு வெளியேறிவிடும். ஆனால் அது மறுபடியும் தோண்டுகிறதே!

கதை இத்துடன் முடியவில்லை. 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில் பவேரியாவின் 48 பன்றி இறைச்சி மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஜெர்மனியில் விற்பனைக்குரிய இறைச்சியில் கிலோவுக்கு 600 பெக்கரல் வரை அனுமதி உண்டு. (ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.) பத்தில் ஒன்பது மாதிரிகள் ஏறக்குறைய அந்த வரம்பைத் தாண்டின. ஒன்றில் 15,000 பெக்கரல்! வரம்பைத் தாண்டிய இறைச்சியை விற்க முடியாது.

இந்தச் சீசியம் முழுவதும் செர்னோபிலில் இருந்து வந்ததா? அதைக் கண்டறிய ஒரு 'கைரேகை' உண்டு. சீசியம்-137உடன் சீசியம்-135 என்ற உடன்பிறப்பும் உண்டாகிறது. அணு உலையில் அதன் விகிதம் குறைவு. அணுகுண்டு வெடிப்பில் அதிகம். இரண்டையும் அளந்து பார்த்தபோது, சில மாதிரிகளில் பாதிக்கு மேற்பட்ட சீசியம் அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்தது எனத் தெரிந்தது. நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் குண்டின் சீசியம் மட்டுமே வரம்பைத் தாண்டப் போதுமானதாக இருந்தது.

அச்சோதனைகள் பெரும்பாலும் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்தவை. 1963இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் காற்றுவெளியில் குண்டு வெடிப்பதை நிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் அதற்குள் உலகெங்கும் படிந்த துகள்கள் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிட்டன.

நண்பர்களே, சிந்தித்துப் பாருங்கள். பவேரியாவில் எந்தக் குண்டும் சோதிக்கப்படவில்லை. குண்டுகளை வெடித்தவர்களில் பலர் இன்று உயிரோடும் இல்லை. ஆனாலும் அவர்கள் விட்டுச் சென்றதை, நேற்றுப் பிறந்த பன்றிக்குட்டி நாளை தோண்டித் தின்னப் போகிறது.